முட்டுச்சந்தும் ரிவர்ஸ் கியரும்

ஜூலை 8
காலையில் வண்டியை எடுக்கப் போனால் ரிவர்ஸ் விழவே மாட்டேன் என்கிறது. நியூட்ரலில் இருக்கும்போதே லிவர் தொளதொளவென்று ஆடுகிறது. எங்களுடையது முட்டுச்சந்து. உள்ளே வந்த வண்டி பின்னால் போய்த்தான் வெளியேற வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனும் நானும் தள்ளினோம். பகலில் தள்ளலாம். ராத்திரி இரண்டு மணிக்கு?

ஜூலை 9
ஒர்க்‌ஷாப்பில் எட்டிப் பார்த்ததோடு சரி. "கிளட்ச் போச்சுங்க, கியர்பாக்ஸ எறக்கோணும், நாலு நாள் ஆகும்." நாலு நாளா, இப்போதா! மனசு ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்து இன்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தேன். கிளட்ச் கோளாறென்றால் இன்ஜின் ஓடும்போதுதான் கரகரக்கும், அணைத்துவிட்டால் கியர் சுலபமாக விழும். இதுவோ அணைத்த பிறகும் அதே ஆட்டம். லிவரிலிருந்து கியர்பாக்ஸுக்கு அடியில் ஓடுகிற ராடு, அதன் முனைகளில் இருக்கும் புஷ் என்கிற சின்ன வளையம். வேறெதுவும் இல்லை.

ஜூலை 10
ஆடி இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் உடுமலையில் இந்தக் காற்று. வண்டிக்கு அடியில் படுத்தால் கண்ணெல்லாம் மண்.

ஜூலை 12
ஓசூரிலிருந்து மாப்பிள்ளை. "கால் டாக்ஸி சொல்லிக்கலாம்ங்க மாமா." சொல்லிக்கலாம். அந்த நேரத்துக்கு எவன் போனை எடுக்கிறான்?

ஜூலை 13
கழற்றிவிட்டேன். கைப்பிரேக், பின்சக்கரத்துக்குக் கல், ஜாக்கை நம்பாமல் இரும்பு ஸ்டாண்டு. சைலன்சர் பைப் ஆறும்வரை காத்திருந்து படுத்தேன். போல்ட் துருவேறிக் கிடந்தது, மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்த பிறகுதான் அசைந்தது. டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவள், "ஏனுங்க, இந்த வயசுல இதெல்லாம் வேணுங்களா?" என்றாள்.

புஷ்ஷை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நடு ஓட்டை நீள்வட்டமாகிவிட்டது. ஒரு பக்கம் தாள் கனம்தான் மிச்சம், விரல் பட்டதும் பழுப்பாக உதிர்கிறது. கீழே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால் போதும், லிவரின் நீளத்துக்கு அது மேலே குமிழில் பல மடங்காகத் தெரியும். இதற்குத்தான் கியர்பாக்ஸை இறக்கச் சொன்னார்கள்.

பிரசவத்துக்கு வந்திருக்கிற பாப்பா தூங்கவில்லை. மேலே நடக்கிற சத்தம் கேட்கிறது.

ஜூலை 15
பஸ்ஸில் உக்கடம். மாருதி 800 தயாரிப்பு 2014லேயே நின்றுபோனது, இருந்தும் லிவர் பக்கத்துப் புஷ் கடையில் இருந்தது. கியர்பாக்ஸ் பக்கத்துப் புஷ் இல்லை. கணபதியில் லேத் வைத்திருக்கும் சொந்தக்காரப் பையனிடம் பழசைக் கொடுத்தேன். "பம்புக்குப் போடற கன்மெட்டல்லயே கடைஞ்சு தர்றனுங்க, ஆயுசுக்கும் தேயாது" என்றான். கோயமுத்தூர்க்காரனுக்கு எதுவும் மோட்டார் பம்புதான். வேண்டாம் சாமி, இன்ஜின் உதறல் அப்படியே கைக்கு ஏறும், நைலான்லயே கடை என்றேன். அதுவரைக்கும் அந்தப் பக்கத்தில் வாஷர் கொடுத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

ஜூலை 16
பாப்பாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டரம்மா. ஒன்றுமில்லை என்றால் அதை எதற்குச் சொல்ல வேண்டும்?

ஜூலை 17
புது புஷ் ஏறியாயிற்று. சுத்தியலால் தட்டினால் விளிம்பு பிளந்துவிடும். வெந்நீரில் போட்டு எடுத்து, நீளமான போல்ட்டில் இரண்டு பக்கமும் வாஷர் கொடுத்து நட்டை முறுக்கினேன். முறுக்க முறுக்க நகர்ந்து, டொப்பென்று உட்கார்ந்தது. கொஞ்சம் கிரீஸ்.

ரிவர்ஸ் விழுகிறது. விழுகிறது! சந்து முனை வரைக்கும் போவதும் வருவதுமாக இருந்தேன். "ஏனுங்ண்ணா, பெட்ரோல் சும்மா குடுக்கறாங்களா?" என்று எதிர் வீட்டிலிருந்து ஒரு குரல்.

ஜூலை 18
மூன்றாவது கியரில் கிணுகிணுவென்கிறது. கியர்பாக்ஸ் பக்கம்தான். கணபதிப் பையன் போனை எடுக்கவில்லை.

ஜூலை 19
நைலான் புஷ் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. அச்சாகக் கடைந்திருக்கிறான். ஒரு மணி நேர வேலைதான், ஆனால் ராடைக் கழற்றிப் போட்ட நேரம் பார்த்துப் பாப்பா கூப்பிட்டால்? வேண்டாம். கிணுகிணுத்தால் கிணுகிணுக்கட்டும். வண்டியை ரிவர்ஸிலேயே உள்ளே விட்டு, மூக்கு ரோட்டைப் பார்க்க நிறுத்தியிருக்கிறேன். டேங்க் நிரப்பியாயிற்று. சாவி சட்டைப் பையில்.