நேர்முகத்தில் அவர்கள் தேடுவது சான்று

திருகோணமலையில் வேலை தேடும் தம்பி தங்கச்சிமாருக்கு இரண்டு விதமான நேர்முகம் வரும். ஒன்று அரசாங்கத்தினது: மாகாண சபை, திணைக்களங்கள், பிரதேச சபைகள். மற்றது தனியாரினது: நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்கள், சீனக்குடாப் பக்கத்து ஆலைகள், டவுனில் உள்ள வங்கிகள். இரண்டுக்கும் ஒரே ஆயத்தத்தோடு போய்த்தான் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அரசாங்க நேர்முகத்தில் நீங்கள் வாய் திறக்கும் முன்பே உங்கள் பைல் பேசிவிடும். தனியாரில் பைலைப் புரட்ட ஆட்களுக்கு நேரமில்லை. அங்கே சொல்லும் பதிலுக்குள்ளேயே சான்று இருக்க வேண்டும்.

முதலில் அரசாங்கம். விண்ணப்பம் கோரிய வர்த்தமானியையோ அறிவித்தலையோ திரும்ப எடுத்து, தெரிவு செய்யும் முறை என்ற பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். பொது நேர்முகப் பரீட்சை என்றிருந்தால் அதற்குப் புள்ளி இல்லை. நீங்கள் எழுதிக் கொடுத்த தகைமைகள் சரிதானா என்று பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள். கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை என்றிருந்தால் அதற்கென்று புள்ளித்திட்டம் உண்டு. மேலதிகக் கல்வி, அனுபவம், மொழி, கணினி என்று எதற்குப் புள்ளி என்பது அதில் பிரித்துக் கிடக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கடதாசி வேண்டும். கணினி நன்றாகத் தெரியும் என்று வாயால் சொன்னால் அந்தக் கட்டத்தில் பூச்சியம்தான் விழும்.

திகதியைக் கட்டாயம் பாருங்கள். தகைமைகள் விண்ணப்ப முடிவுத் திகதியன்றோ அதற்கு முன்போ பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. நேர்முகத்துக்கு முதல் வாரம் அவசரமாக முடித்த டிப்ளோமா அங்கே உதவாது.

எங்கள் ஆட்கள் அதிகம் மாட்டுப்படுவது பெயரில். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, ஓ.எல். சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னெழுத்தாக, பட்டச் சான்றிதழில் முழுதாக. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இது இரண்டு ஆள். அழைப்புக் கடிதம் வந்த அன்றே எல்லாவற்றையும் வரிசையாக விரித்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளுங்கள். பிறப்புப் பதிவிலேயே பிழை என்றால் அதைத் திருத்த நாளெடுக்கும். அந்த வேலையை விண்ணப்பிக்கும்போதே தொடங்க வேண்டும்.

அடுத்தது அனுபவக் கடிதம். "எமது நிறுவனத்தில் கடமையாற்றினார், நற்பண்புள்ளவர்" என்ற கடிதத்துக்குப் பெறுமதி இல்லை. நிறுவனத்தின் கடிதத் தலைப்பு, பதவி, தொடங்கிய திகதி, விலகிய திகதி, ஒப்பமிட்டவரின் பெயரும் பதவியும் எல்லாம் இருக்க வேண்டும். சீசனுக்கு ஹோட்டலில் நின்றவர்கள் ஒவ்வொரு சீசன் முடிவிலும் கடிதத்தைக் கையோடு வாங்கிவிடுங்கள். மனேஜர் மாறிப் போனபின் தேடித் திரிவது பெரிய பாடு.

மூலப்பிரதிகள் ஒரு பைலில், போட்டோகொப்பிகள் இன்னொன்றில், இரண்டும் அழைப்புக் கடிதத்தில் கேட்ட அதே ஒழுங்கில். உறுதிப்படுத்திய பிரதி கேட்டிருந்தால் முத்திரையும் ஒப்பமும் ஒவ்வொரு பக்கத்திலும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இடத்தையும் முதல் நாளே விசாரித்துவிடுங்கள்: மாகாண அலுவலகங்கள் ஒரே வளவில் இல்லை, உவர்மலையிலும் இருக்கின்றன, வரோதயநகரிலும் இருக்கின்றன.

தனியார் நேர்முகம் முழுக்க வேறு. வரவேற்பு மேசை வேலைக்குப் போகிறீர்கள் என்று வைப்போம். கோபமாக வரும் விருந்தினரை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். வழக்கமான பதில்: "பொறுமையாகக் கதைப்பேன், சேர்." கேட்டவருக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இதே கேள்விக்கு இப்படி ஒரு பதிலைப் பாருங்கள்:

"காலை பத்து மணிக்குக் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வந்தது. அறை கொடுப்பது இரண்டு மணிக்கு. மேசையில் நான் மட்டும்தான். ஹவுஸ்கீப்பிங்குக்கு எடுத்து எந்த அறை முதலில் முடியும் என்று கேட்டேன். பன்னிரண்டுக்கு ஒன்று தரலாம் என்றார்கள். அந்த நேரத்தையே குடும்பத்தாரிடம் சொன்னேன். பைகளை வாங்கி வைத்து, குழந்தைக்குச் சுடுதண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பன்னிரண்டு பத்துக்குத் திறப்பைக் கொடுத்தேன்."

நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, முடிவு. நான்கும் ஒன்றரை நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். செய்ததற்கு அதிக நேரம், நிலைமைக்குக் குறைந்த நேரம். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, கதையின் தொடக்கத்திலேயே நேரத்தை முடித்துவிடுகிறார்கள். இன்னொன்று, "நாங்கள் செய்தோம்" என்று சொல்லும் பழக்கம். "நான்" என்றால் பெருமை பேசுவதாக எங்கள் வளர்ப்பு சொல்லும். ஆனால் கேட்பவருக்கு உங்கள் பங்கு எது என்று தெரிந்தாக வேண்டும். குழு செய்ததைக் குழுவுக்குக் கொடுங்கள். உங்கள் கை பட்டதை "நான்" என்றே சொல்லுங்கள்.

இப்படி ஐந்தாறு சம்பவம் ஆயத்தமாக இருந்தால் இருபது கேள்விக்குப் போதும். வேலை பார்த்ததே இல்லை என்பவர்களுக்கும் சம்பவம் உண்டு. கோணேசர் கோயில் திருவிழாவில் தொண்டராக நின்று வரிசையை ஒழுங்குபடுத்தியது, அப்பாவின் மீன்வாடியில் கணக்கு எழுதியது, பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குச் சாமான் சேர்த்தது எல்லாம் வேலைதான். எத்தனை பேர், எவ்வளவு காசு, என்ன சிக்கல் என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

மொழியில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சீ.வி.யில் சிங்களம் "மிக நன்று" என்று போட்டால் அடுத்த கேள்வியே சிங்களத்தில் வரலாம். "கதைப்பேன், எழுதத் தெரியாது" என்பது மரியாதையான பதில். ஆங்கிலத்தில் சுய அறிமுகத்தை வரிக்கு வரி பாடமாக்காதீர்கள். இடையில் ஒரு கேள்வி விழுந்தால் முழுதும் குலைந்துவிடும். மூன்று விடயத்தை மட்டும் மனதில் வைத்து, சிறு சிறு வசனமாகச் சொல்லிப் பழகுங்கள்.

சம்பளத்தில் கூச்சம் வேண்டாம். அறுபதாயிரம் என்றால், ஊழியர் சேமலாப நிதி எந்தத் தொகைக்குக் கட்டப்படும் என்று கேளுங்கள். உங்களிடமிருந்து 8 வீதம், முதலாளி 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக 3 வீதம். அந்த அறுபதில் அடிப்படைச் சம்பளம் நாற்பதாயிரம்தான் என்று 12 வீதத்தை அதற்கு மட்டும் கட்டினால் மாதம் 4,800, அறுபதாயிரத்துக்கு என்றால் 7,200. ஹோட்டல் என்றால் சேவைக் கட்டணப் பங்கையும் கேளுங்கள், அதுவும் மாரி மாதங்களில் எவ்வளவு வந்தது என்று. சீசனான மே முதல் செப்டம்பர் வரையான கணக்கை மட்டும் கேட்டு முடிவெடுத்தவர்கள் டிசம்பரில் தடுமாறுவார்கள்.

கொழும்பில் நேர்முகம் என்றால், முடிந்தால் முதல் நாளே போய் உறவினர் வீட்டில் தங்குங்கள். இரவு பஸ்ஸில் நித்திரை இல்லாமல் இறங்கி, கசங்கிய சேட்டோடு நேரே போவது பதிலின் தெளிவைக் கெடுக்கும். ஸூமில் என்றால் வெளிச்சம் முகத்துக்கு எதிரே வரும்படி இருங்கள், போனை முழுதாக சார்ஜ் செய்து பக்கத்தில் வையுங்கள். கரண்ட் போனால் டேட்டாவில் இரண்டு நிமிடத்தில் திரும்ப உள்ளே போகலாம்.

கடைசியில் "ஏதும் கேட்க இருக்கிறதா" என்பார்கள். முதல் மூன்று மாதத்தில் இந்தப் பதவியில் இருப்பவரிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். பதிலைக் கவனமாகக் கேட்டு, அதில் நீங்கள் ஏற்கனவே செய்த வேலை ஏதும் இருந்தால், எழும்ப முதல் அதை ஒரு வசனத்தில் சொல்லிவிடுங்கள். வீடு வந்ததும் கேட்ட கேள்விகளை அன்றிரவே எழுதி வையுங்கள். நேர்முகத்தில் கொடுக்காமல் விட்ட ஆவணம் ஏதும் அனுப்பச் சொன்னால், மறுநாள் காலைக்குள் மின்னஞ்சலில் போகட்டும், பெயரும் பதவியும் தலைப்பில் இருக்க.