பங்குனியில் தனுஷ்கோடி

முதலில் கண்ணில் பட்டது ஒரு கடற்காகத்தின் தலைதான். கோதண்டராமர் கோயிலுக்குத் திரும்பும் பாதையோரம், முழங்கால்கூட நனையாத தண்ணீரில் முப்பது நாற்பது பழுப்புத்தலைக் கடற்காகங்கள் நின்றிருந்தன. டிசம்பரில் இதே இடத்தில் பார்த்தபோது எல்லாத் தலையும் வெள்ளை. கண்ணுக்குப் பின்னால் மை தீற்றியது போல ஒரு பொட்டு, அவ்வளவுதான். இப்போது சிலவற்றுக்கு முகம் முழுக்கக் காப்பிப்பொடி நிறம். சிலவற்றுக்குப் பாதி வந்து பாதி வராமல் திட்டுத்திட்டாக இருந்தது. லடாக், திபெத் பக்கத்து உயரமான ஏரிகளுக்குப் போய் முட்டையிட வேண்டிய பறவைகள் இவை. கல்யாணக் கோலத்தை இங்கேயே, இந்த உப்புத் தண்ணீரில் நின்றபடியே கட்டிக்கொள்கின்றன.

நம் கணக்கில் இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. ராமேஸ்வரம் தீவில் அதைப் பூவில் தேடினால் கிடைக்காது. பனையும் உடைமரமும் மணலும்தான். ஆனால் வலசைப் பறவைகளின் இறகில் அது ஒரு மாதம் முன்பே வந்துவிடுகிறது. அதைப் பார்ப்பதற்காகவே இந்த முறை பங்குனியில் போனேன்.

கோயிலைச் சுற்றியுள்ள காயலில் பூநாரைகள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன், இருநூற்றுச் சொச்சம். தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, அலகால் சேற்றுநீரை உறிஞ்சி வடிகட்டிக்கொண்டே நடக்கின்றன. அந்த இளஞ்சிவப்பு, பாசியிலும் குட்டி இறால்களிலும் இருக்கும் நிறமி உடம்பில் சேர்ந்து வருவது. கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் நின்றவை இளசுகள். அவற்றுக்குச் சிவப்பேற இன்னும் சில வருடங்கள் ஆகும். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய காயல் மாசி, பங்குனியில் வற்ற வற்ற, இரை ஒரே இடத்தில் செறிகிறது. இது அவற்றுக்குக் கடைசிப் பந்தி. தமிழக அரசு 2025 ஜூன் 5 அன்று இந்தப் பகுதியைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது, சுமார் 525 ஹெக்டேர். செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

அந்த மகிழ்ச்சியோடு பைனாகுலரைப் பிடித்திருந்தபோது, பின்னால் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவர்கள் ட்ரோனைப் பறக்கவிட்டார்கள். அது நெருங்கியதும் அத்தனை கழுத்தும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. அடுத்த நொடி கூட்டம் முழுவதும் எழுந்துவிட்டது. கருப்பும் சிவப்புமாக இறக்கை விரிந்த அந்தக் காட்சி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நெடுந்தூரம் பறப்பதற்காகச் சேர்த்து வைக்கும் கொழுப்பை ஒரு வீடியோவுக்காக எரிக்க வைப்பது அநியாயம். போய்ச் சொன்னேன். ஒருவர் மன்னிப்புக் கேட்டு இறக்கிவிட்டார். பறவைகள் திரும்பிவந்து அமர முக்கால் மணி நேரம் ஆனது.

அப்புறம் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை. சாலையின் ஒரு பக்கம் அமைதியான பெண் கடல், மறு பக்கம் அலையடிக்கும் ஆண் கடல் என்பார்கள். காற்று மாறினால் இரண்டும் குணம் மாறிக்கொள்ளும். நான் போன அன்று இரண்டுமே அடங்கிக் கிடந்தன. அலை விளிம்பில் உப்புக்கொத்திப் பறவைகள் ஓடி ஓடி நின்றன. குளிர்காலம் முழுக்க வெளிறியிருந்த மார்பில் செங்கல் நிறம் ஏறியிருந்தது. பக்கத்தில் கல்திருப்பி உள்ளான் ஒன்று, பெயருக்கேற்றபடி, ஒதுங்கிய பாசியைப் புரட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் வனத்துறையின் ஆமைக்குஞ்சுப் பொரிப்பகத்துக்குப் போனேன். இங்கே முட்டையிட வரும் சிற்றாமை என்ற கடலாமைக்கு மீனவர்கள் வைத்த பெயர் பங்குனி ஆமை. மாதத்தையே பெயராகக் கொண்ட உயிர் வேறெது இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன், எனக்குத் தோன்றவில்லை. ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். நாய் தோண்டுவதற்குள் எடுத்துவந்து, வேலிக்குள் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். 45 முதல் 60 நாளில் பொரிகிறது. மணல் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். அதனால்தான் மேலே நிழல் போட்டிருந்தார்கள்.

கூடையில் எண்பதுக்கும் மேற்பட்ட குஞ்சுகள், ஒவ்வொன்றும் தீப்பெட்டியைவிடச் சிறியது. "அலையில விடாதீங்க தம்பி, மணல்ல விடுங்க. அதுவா நடந்து போவட்டும்" என்றார் உதவிக்கு வந்திருந்த மீனவப் பெரியவர். வானத்தில் ஒரு செம்பருந்து வட்டமிட்டது. பின்னாலேயே நான்கைந்து கடற்காகங்கள். முந்தின நாள் நான் மெய்மறந்து பார்த்த அதே பழுப்புத் தலைகள். பெரியவர் துண்டைச் சுழற்றிக்கொண்டே கரையோரம் நடந்தார். நானும் தொப்பியைக் கழற்றி வீசினேன்.

எல்லாம் போய்விட்டன, ஒன்றைத் தவிர. அது என் கால்தடத்தின் பள்ளத்தில் விழுந்து ஏறமுடியாமல் துடுப்படித்துக்கொண்டிருந்தது. குனிந்து தூக்கப் போனேன். "இருங்க" என்றார் பெரியவர். உட்கார்ந்து, விரலால் பள்ளத்தின் ஓரத்தை மட்டும் தட்டிச் சரித்தார். குஞ்சு ஏறியது. முதல் அலை புரட்டிக் கரைக்கே தள்ளியது, இரண்டாவதும் தள்ளியது. மூன்றாவது எடுத்துக்கொண்டு போனது.