கேட் என்றால் தெரு: யார்க் நாட்குறிப்பு

ஏப்ரல் 5, செவ்வாய்

வட இங்கிலாந்தின் யார்க் ஊருக்கு, லீட்ஸில் தங்கை வீட்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. யார்க் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே மதில். புல் சரிவு முழுக்க மஞ்சள் டாஃபடில் பூக்கள்.

வந்ததும் ஏமாந்தேன். வரைபடத்தில் ஸ்டோன்கேட், குட்ராம்கேட், காப்பர்கேட் என்று ஏகப்பட்ட கேட். இத்தனை கோட்டை வாசலா என்று மலைத்து, ஸ்டோன்கேட்டில் மேலும் கீழும் நடந்து வாசலைத் தேடினேன். டீக்கடைப் பெண்மணிக்குச் சிரிப்பு. "இந்த ஊரில் தெருவுக்குப் பெயர் கேட், கேட்டுக்குப் பெயர் பார், பாருக்குப் பெயர் பப்" என்றார். எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனம் போலிருக்கிறது.

866-ல் ஊரைப் பிடித்த, கடல் தாண்டி வந்த வட ஐரோப்பிய வைக்கிங்குகளின் மொழியில் காட்டா என்றால் தெரு. ரோமானியர் 71-ல் படைமுகாம் போட்டு எபோராக்கம் என்றார்கள். வைக்கிங்குகள் யோர்விக் ஆக்கினார்கள். அதுதான் தேய்ந்து யார்க். கான்ஸ்டன்டைனை 306-ல் படைவீரர்கள் ரோமப் பேரரசராக அறிவித்ததும் இங்கேதான்.

ஏப்ரல் 6, புதன்

மதில் மேல் நடை. சுமார் 3.4 கிலோமீட்டர், டிக்கெட் கிடையாது. சில இடங்களில் உள்பக்கம் கைப்பிடியே இல்லை. எதிரே ஆள் வந்தால் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மிக்கில்கேட் பார் வழியாகத்தான் அரசர்கள் ஊருக்குள் வருவார்கள். துரோகிகளின் தலையைச் செருகி வைத்ததும் அதே வாசலில். 1460-ல் போரில் செத்த யார்க் பிரபு ரிச்சர்டின் தலை, காகிதக் கிரீடத்தோடு இங்கே நின்றது. யார்க் பிரபுவுக்கு யார்க்கிலேயே!

கிழக்கே போனால் மதில் திடீரென்று காணாமல் போகிறது. இடிந்துவிட்டதாக நினைத்தேன். இல்லை, அங்கே கட்டவே இல்லை. 1066-ல் இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னர் ஃபாஸ் ஆற்றை மறித்ததில் அந்தப் பக்கம் பெரிய ஏரியும் சதுப்புமாகிவிட்டது. சேற்றைத் தாண்டி யார் வரப்போகிறார்கள்? ஏரி போய்விட்டது, இடைவெளி மட்டும் இருக்கிறது. இருந்த மதிலையும் 1800 வாக்கில் ஊர் நிர்வாகமே இடிக்கப் பார்த்தது. ஓவியர் வில்லியம் எட்டி போன்றவர்கள் சண்டை போட்டதால் பெரும்பகுதி தப்பியது.

ஏப்ரல் 7, வியாழன்

காலையில் ஷாம்பிள்ஸ். பழைய கசாப்புக் கடைத் தெரு. இப்போது நிற்க இடமில்லாத கூட்டம். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

பிற்பகல் கிளிஃபர்ட்ஸ் டவர். பச்சை மேட்டின் உச்சியில் நாலிதழ்ப் பூ வடிவில் ஒரு கல்கோபுரம், அஞ்சலட்டைப் படம் மாதிரி. அடிவாரத்தில் ஒரு நினைவுக்கல். அதைப் படித்த பிறகு படியேறக் கொஞ்ச நேரமாயிற்று.

1190 மார்ச் 16. ஊரின் யூதர்கள், ஏறக்குறைய 150 பேர், கும்பலுக்குப் பயந்து அரசரின் கோட்டைக்குள் ஒதுங்கியிருந்தார்கள். அப்போது இங்கே இருந்தது மரக்கோபுரம். பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று பலர் சொந்தக் குடும்பத்தைக் கொன்று தாங்களும் மாண்டார்கள். கோபுரம் எரிந்தது. மதம் மாறினால் உயிர் தருகிறோம் என்ற பேச்சை நம்பி இறங்கி வந்தவர்களையும் வெட்டிப் போட்டார்கள்.

கும்பலை நடத்தியவர்களில் அந்த யூதர்களிடம் கடன்பட்ட பிரபுக்களும் உண்டு. எல்லாம் முடிந்ததும் அவர்கள் போனது ஊரின் பேராலயமான மின்ஸ்டருக்கு. அங்கே பத்திரமாக வைத்திருந்த கடன் சீட்டுகளை எடுத்துக் கொளுத்தினார்கள். மதவெறி என்கிறோம். வரவு செலவும் பார்த்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 8, வெள்ளி

மழை. மின்ஸ்டர். முதலில் தரையைத்தான் பார்த்தேன், எந்த இடத்தில் எரித்திருப்பார்கள் என்று. அசட்டுத்தனம், இப்போதுள்ள பேராலயத்தை 1220-களில்தான் கட்டத் தொடங்கி, 1472-ல் முடித்தார்கள். சீட்டுகள் எரிந்தது அதற்கு முந்தைய கட்டடத்தில்.

கிழக்குச் சாளரம் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு வண்ணக் கண்ணாடி. ஜான் தார்ன்டன் 1405-ல் தொடங்கி மூன்றே வருடத்தில் முடித்திருக்கிறார். மேலே உலகம் படைக்கப்படுவதும் கீழே அது அழிவதும். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். வெளியே மேகம் விலகியபோது நீலம் மட்டும் சட்டென்று தூக்கிக் காட்டியது. பக்கத்திலிருந்த குழந்தைகூட ஒரு கணம் பேசாமல் நின்றது.

நாளை ரயில் மியூசியம், தங்கை மகனோடு. 1938-ல் மணிக்கு 203 கிலோமீட்டர் ஓடிய மல்லார்ட் நீராவி எஞ்சின் அங்கே நிற்கிறது. "அதைத் தொட்டுப் பார்க்க விடுவார்களா மாமா?" என்று இதோடு நாலாவது போன்.