இரண்டு வயிறுகள்

பிப்ரவரி 10, 2025

இந்த நோட்டு என் வயிற்றுக்காக ஆரம்பித்தது. "என்ன சாப்பிட்டீங்க, எத்தனை தடவை போனீங்க, எல்லாத்தையும் எழுதிட்டு வாங்க" என்றார் டாக்டர். பதினைந்து வருஷமாக ஐ.பி.எஸ். என்கிற குடல் தொந்தரவு. ஆபீஸ் கிளம்புவதற்குள் மூன்று தடவை. பஸ்ஸில் கூட்டத்தைப் பார்த்தால் நாலாவது. இன்றைய கணக்கு: இரண்டு காபி, ஐந்து இட்லி, மூன்று முறை.

பாப்பாவுக்கு இன்று பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். ஏழு வயது. ஒவ்வொரு தடவையும் தவறாமல் போடுகிறாள், ஆனாலும் வயிறு பானை மாதிரி, கை கால் குச்சி மாதிரி. அம்மா வேப்பங்கொழுந்து அரைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். "அப்பன் வயிறு, வேற எப்படி இருக்கும்?"

பிப்ரவரி 22

மூன்று மாதம் இரும்புச்சத்து டானிக் குடித்தும் பாப்பாவுக்கு ஹீமோகுளோபின் 8.4-லிருந்து 8.6. புது குழந்தை டாக்டர் உயரக் கணக்கை வரைந்து காட்டினார். இரண்டு வருஷமாகக் கோடு படுத்தே கிடக்கிறது. "சீலியாக்கான்னு பார்த்துடலாம்" என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்று ஒரு பரிசோதனை. அந்த லேபில் 20-க்குள் இருக்க வேண்டியது, இவளுக்கு 148.

சீலியாக் நோய் இருந்தால், கோதுமை, பார்லி, ரை என்ற தானியம் மூன்றிலும் உள்ள குளூட்டன் புரதம் உள்ளே போனதும், உடம்பின் எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்குமாம். "நாங்க சோறு தின்ற ஆளுங்க டாக்டர்" என்றேன். "காலையிலேர்ந்து சொல்லுங்க" என்றார். சொன்னேன். சத்துமாவுக் கஞ்சி. டிபன் பாக்ஸில் சப்பாத்தி. சாயந்திரம் பன். ராத்திரி ரவா உப்புமா, இல்லாவிட்டால் சேமியா. சொல்லச் சொல்ல எனக்கே குரல் இறங்கிவிட்டது.

சத்துமாவில் போடும் கோதுமையை அம்மா முளைகட்டி, நிழலில் காயவைத்து, வறுத்துச் சேர்ப்பார். பேத்தி தேறட்டும் என்று.

மார்ச் 4

இன்று எண்டோஸ்கோப்பி. இந்தப் பத்து நாள்தான் கொடுமை. கோதுமையை உடனே நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் சோதனையில் சரியாகத் தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகாது என்று தெரிந்தே தினமும் சப்பாத்தி சுட்டுப் போட்டோம். மனைவி அடுப்பைப் பார்த்தபடியே ஊட்டினாள்.

மார்ச் 8

சீலியாக்தான். குடலின் உள்பக்கம் விரல் விரலாக நிற்கிற குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிட்டனவாம். டர்க்கி டவல் நைந்து வேட்டித்துணி ஆனதுபோல. இரும்பு எப்படி ஏறும்? மருந்து கிடையாது. ஆயுளுக்கும் கோதுமை கூடாது, அவ்வளவுதான்.

ராத்திரி தூக்கம் வராமல் படித்தேன். நெதர்லாந்தில் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் இதற்குக் கோதுமைதான் காரணம் என்று காட்டியவர். 1944-45 பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்த நோய்ப் பிள்ளைகள் தேறியதையும், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்ததையும் கவனித்திருக்கிறார்.

மார்ச் 16

சப்பாத்திக் கட்டை பரண்மேல் போனது. புதுத் தோசைக்கல், புதுச் சல்லடை.

அரிசி மாவு அரைக்க மில்லுக்குப் போன அம்மா வெறுங்கையோடு திரும்பினார். "எனக்கு முன்னாடி நின்னவ கோதுமை அரைச்சா. அதே மிஷின்லதான் நம்ம அரிசியையும் கொட்டச் சொல்றான்." நான் இதை யோசித்திருக்கவே மாட்டேன். இனி எல்லாம் வீட்டு மிக்ஸியில்.

ஏப்ரல் 19

பெற்றோருக்கும் இருக்கலாம் என்று எங்களுக்கும் ரத்தம் எடுத்தார்கள். இருவருக்கும் இல்லை. எனக்கு மட்டும் உள்ளூர ஏமாற்றம். பதினைந்து வருஷத்துக்கு ஒரு காரணம் கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். "உங்க குடல் பார்க்க நல்லாத்தான் இருக்கு, வேலை செய்யற விதம்தான் தகராறு" என்றார் டாக்டர். காபி ஒன்று குறைக்கணும், வெங்காயம் பூண்டைச் சில வாரம் நிறுத்திப் பார்க்கணும். மதுரையில் உட்கார்ந்துகொண்டு!

ஜூன் 7

கல்யாணத்துக்குப் போன ஊரில் ராத்திரி ஓட்டல். தோசைதானே என்று வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்ட பிறகுதான் கல்லைப் பார்த்தேன்: ஒரு ஓரத்தில் பரோட்டா, மறு ஓரத்தில் தோசை, இரண்டுக்கும் ஒரே கரண்டி. விடிய விடிய வயிற்றுவலி, வாந்தி. தப்பு என்னுடையது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 13

ஆறு மாதம் கழித்து பாப்பாவுக்கு அதே டி.டி.ஜி. ரத்தப் பரிசோதனை. 96. குறைந்திருக்கிறது, ஆனால் இவ்வளவு கட்டுப்பாட்டுக்கு இன்னும் இறங்கியிருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். "எங்கேயோ உள்ளே போயிட்டே இருக்கு. வீட்டுல தேடுங்க."

செப்டம்பர் 14

அலமாரியில் இருந்த ஒவ்வொன்றையும் தரையில் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்து அட்டை அட்டையாகப் படித்தோம். பதினோரு மணிக்கு மனைவி "என்னங்க, இங்க வாங்க" என்றாள். கையில் பெருங்காய டப்பா. கோந்து, கோதுமை மாவு, அப்புறம்தான் பெருங்காயம்.

சாம்பார், ரசம், மோர், ஊறுகாய். தினம் மூன்று வேளை.

அம்மா டப்பாவை வாங்கி மோந்து பார்த்தார். "வயித்துக்கு நல்லதுன்னுதானே ரெண்டு சிட்டிகை கூடப் போட்டேன்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. மத்தியானம் சாப்பிடவும் இல்லை.

செப்டம்பர் 20

கட்டிப் பெருங்காயம் சுத்தமாக இருக்கும் என்று வாங்கப் போனேன், அதிலும் மாவு. மாசி வீதிப் பக்கம் மளிகைக்காரர் ஒருவர் பால் பெருங்காயம் எடுத்துக் கொடுத்தார். ஆப்கானிஸ்தான் சரக்கு, வெறும் பிசின். விலையைக் கேட்டதும் என் வயிறு ஒரு சுற்றுச் சுற்றியது. ஆனால் மிளகளவு கிள்ளி வெந்நீரில் ஊறவைத்தால் ஒரு வாரம் வருகிறது. வாசனை தெருமுனை வரைக்கும்.

அக்டோபர் 20

தீபாவளி. அதிரசம், முறுக்கு, தேங்காய்ப்பால் பாயசம், எல்லாமே அரிசி. முறுக்கு மாவில் பெருங்காயத் தண்ணீரை அம்மாவே அளந்து ஊற்றினார், யாரையும் கிட்டே விடவில்லை. பாப்பா ஒவ்வொரு தட்டையும் காட்டி "அப்பத்தா, இது எனக்கு ஆகுமா?" என்று கேட்டாள். "எல்லாம் உனக்குத்தான்டி" என்றார்.

அவள் ஆறு முறுக்கு தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாள். நான் நாலு. இதை எழுதுவது ராத்திரி ஒன்றரை மணிக்கு. இன்றைய கணக்கு: ஐந்து முறை.