வெயிலையும் மேட்டையும் பார்த்துப் போட்ட திட்டம்: லிஸ்பனில் மூன்று நாட்கள்

போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனில் மூன்று இரவுகள்தான் தங்க முடியும் என்று உறுதியானவுடன், பார்க்க வேண்டிய இடங்களை ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன். இருபத்திரண்டு இடங்கள் சேர்ந்துவிட்டன. அந்தத் தாளை வாங்கிப் பார்த்த அம்மா, இவற்றில் எத்தனை இடங்கள் மேட்டில் இருக்கின்றன என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. சமதரையிலும் இறக்கத்திலும் என்னைவிட வேகமாக நடப்பார். ஆனால் பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கும். ஏழு குன்றுகளின் நகரம் என்று பெயர் பெற்ற ஊருக்கு அவரை அழைத்துப் போவதென்றால் இடங்களின் பட்டியல் போதாது, மேடு எங்கே, இறக்கம் எங்கே என்று காட்டும் வரைபடம் வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. திட்டத்தை முதலிலிருந்து மறுபடியும் போட்டேன்.

ஜெர்மனியில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போன பயணத்தின் இடையில் ஒதுக்கிய நாட்கள் இவை. ஷெங்கன் விசாவைப் பொறுத்தவரை, அதிக நாட்கள் தங்கப்போகும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் ஜெர்மனிக்கே விண்ணப்பித்தோம். அந்த விசாவே போர்ச்சுகலுக்கும் செல்லும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது பதினைந்து நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதையும் பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள் முன்கூட்டியே கவனித்துக்கொள்வது நல்லது.

எந்த மாதம் போவது என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. லிஸ்பனில் ஆண்டுக்குச் சுமார் 2,800 மணி நேரம் வெயில் அடிக்கிறது. ஐரோப்பியத் தலைநகரங்களில் இவ்வளவு வெயில் காண்பவை மிகச் சில. ஆகஸ்டு மாதத்தில் பகல் வெப்பம் சராசரியாக 28 டிகிரி வரை போகும். தூத்துக்குடியில் வளர்ந்தவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல என்று தோன்றலாம். ஆனால் நிழலற்ற வெள்ளைச் சுண்ணாம்புக்கல் நடைபாதையில் பட்டுத் தெறித்து வரும் வெயிலில் மேடு ஏறுவது வேறு விஷயம். அதோடு, ஆகஸ்டில் கூட்டமும் மிகுதி. ஆகவே மே மாதத்தின் மூன்றாம் வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். பகலில் 22 டிகிரியை ஒட்டிய வெப்பம், மாலையில் ஆற்றுக் காற்றுக்கு ஒரு கம்பளிச் சட்டை, இரவு எட்டரை மணிக்கும் மறையாத சூரியன் என்று எல்லாம் எங்களுக்கு ஒத்துவந்தன. அந்த நீண்ட மாலைகள்தாம் இந்தத் திட்டத்தின் அச்சாணி.

அடுத்து, எங்கே தங்குவது என்ற கேள்வி. புகைப்படங்களில் மனத்தைக் கவர்வது அல்ஃபாமா என்ற பழைய பகுதி. ஆனால் அங்கே பல வீடுகளுக்கு வண்டி போகாது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏற வேண்டும். நகரின் தாழ்ந்த சமதரையான பைஷாவில், மின்தூக்கி இருக்கும் வீடு என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு அறை எடுத்தேன். விமான நிலையம் நகரத்துக்குள்ளேயே, மையத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. மெட்ரோவில் ஒரு முறை மாறினால் பைஷாவுக்கு வந்துவிடலாம். மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாவற்றுக்கும் பணம் நிரப்பிப் பயன்படுத்தக்கூடிய ஒரே அட்டை உண்டு. ஆளுக்கொரு அட்டை வேண்டும், இருவர் ஒன்றைப் பகிர முடியாது.

அறையைத் திறந்து காட்டிய வீட்டுக்கார அம்மையாருக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது. அவர் கையில் ஆடிய கொத்தை நீட்டி 'ஷாவி' என்றார். அம்மா திகைத்து என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மையார் சுட்டிக்காட்டிய ஒவ்வொன்றும், 'ஜனேலா', 'மேசா', 'அர்மாரியு' என்று, எங்கள் வீட்டுச் சாமான்களின் பெயர்களாகவே வந்து விழுந்தன. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி ஆகியவை போர்த்துக்கீசியச் சொற்கள் என்று அம்மா வகுப்பில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர்தான். பாடப்புத்தகத்தில் இருந்த சொற்களை ஒரு மனிதர் வாயால் கேட்டது அவருக்கு அன்றுதான் முதன்முறை.

முதல் நாளுக்கு நான் வைத்துக்கொண்ட விதி, மேலே வண்டியில் போய்க் கீழே நடந்து வருவது. ஃபிகேரா சதுக்கத்திலிருந்து 737 எண் பேருந்து நேராகச் சாவோ ஜோர்ஜ் கோட்டை வாசலில் கொண்டுபோய் விடுகிறது. 1147ஆம் ஆண்டில், மூர்கள் எனப்பட்ட முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து போர்ச்சுகலின் முதல் அரசர் அஃபோன்சு ஹென்ரிக்கஷ் கைப்பற்றிய கோட்டை இது. உள்ளே கட்டடங்கள் என்று பார்க்க அதிகம் இல்லை. மதில்மேல் நின்றால் தேஜு ஆறு கடல்போல் விரிந்து கிடக்கும். லிஸ்பன் நேரடியாகப் பெருங்கடலின் மேல் அமர்ந்த நகரம் அல்ல, ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இருப்பது என்பதை மதில்மேல் நிற்கும்போது தெளிவாக உணர முடிகிறது. அங்கிருந்து அல்ஃபாமாவின் சந்துகள் வழியாக இறங்கினோம். வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது என்பார்கள். வழியில் போர்தாஷ் து சோல் என்ற காட்சி மாடம் வருகிறது. சூரியனின் வாயில்கள் என்று பொருள்படும் இந்த மாடம் கிழக்கு நோக்கியது. ஆகையால் இதைக் காலையில் பார்த்துவிட வேண்டும்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நான் படித்த எந்தக் கையேடும் இதை அழுத்திச் சொல்லவில்லை. லிஸ்பனில் 'மிராதோரு' என்று அழைக்கப்படும் இத்தகைய காட்சி மாடங்கள் பல உண்டு. எல்லாமே அழகானவை என்பதால் எதை எப்போது பார்த்தாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் ஒவ்வொன்றும் பார்க்கும் திசை வேறு. ஊரின் உயர்ந்த முனைகளில் ஒன்றான செஞ்ஞோரா து மோந்தியிலிருந்து பார்த்தால் சூரியன் நகரத்துக்குப் பின்னால் இறங்கும். அது அந்திக்கு உரிய இடம். எதிர்க் குன்றில் இருக்கும் சாவோ பெத்ரு து அல்காந்தரா கிழக்கே கோட்டையைப் பார்த்தபடி இருக்கிறது. பிற்பகலில் போனால் மேற்கு வெயில் முழுவதும் எதிரே உள்ள கோட்டைச் சுவர்மேலும் வீட்டுச் சுவர்கள்மேலும் விழுந்து அவை பழுத்த மாம்பழ நிறத்தில் ஒளிர்வதைக் காணலாம். இந்த மூன்றையும் ஒரே நாளில் சுற்றி முடிக்காமல், நாளுக்கு ஒன்றாக அதற்குரிய வேளையில் வைத்துக்கொண்டோம். குறுகிய பயணத்தில் இடங்களைக் குறைத்துக்கொண்டு வேளையைச் சரியாக அமைத்துக்கொள்வதே மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அன்று மாலை ஆற்றங்கரை வணிகச் சதுக்கத்துக்கு வந்தோம். 1755 நவம்பர் 1ஆம் தேதி காலை, அனைத்துப் புனிதர் பெருவிழாவுக்காகத் தேவாலயங்களில் மக்கள் நிறைந்திருந்த நேரத்தில் நிலம் குலுங்கியது. இடிபாடுகளுக்குத் தப்பி வெட்டவெளியைத் தேடி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களை ஆழிப்பேரலை அடித்துச் சென்றது. பலிபீட மெழுகுவர்த்திகளிலும் அடுப்புகளிலும் தொடங்கிய தீ நாள்கணக்கில் எரிந்தது. இந்தச் சதுக்கத்தில் இருந்த அரண்மனை அன்று அழிந்துபோனது. ஆயினும் மக்கள் இன்றும் இதை அரண்மனை முற்றம் என்ற பழைய பெயராலேயே அழைக்கிறார்கள். நான் இதைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தண்ணீரில் இறங்கும் அந்தப் பளிங்குப் படிகளிலிருந்து அம்மா இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார். 2004 டிசம்பரில் நாகப்பட்டினத்துக் கரையில் உறவினர்களைத் தேடிப் போனவர் அவர். நான் படிப்பதை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

அழிவுக்குப் பின் அமைச்சர் பொம்பால் கட்டளையிட்டு எழுப்பியதுதான் நாங்கள் தங்கியிருந்த பைஷா. நேர்கோட்டுத் தெருக்கள், ஒரே உயர வீடுகள், ஒவ்வொரு சுவருக்குள்ளும் நில அதிர்வுக்கு வளைந்து கொடுப்பதற்காகப் பொருத்திய மரக்கூண்டுச் சட்டம். மேலே கார்மு மடத்துத் தேவாலயத்தை மட்டும் கூரையில்லாமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அதற்குப் போக 1902இல் திறக்கப்பட்ட சாந்தா ஜுஷ்தா இரும்பு மின்தூக்கியின் முன் நீண்ட வரிசை நின்றது. பைஷா–ஷியாது மெட்ரோ நிலையத்துக்குக் கீழ்த்தெருவில் ஒரு வாசலும் மேல்தெருவில் ஒரு வாசலும் உண்டு. இடையே நகரும் படிக்கட்டுகளே ஆளை மேலே ஏற்றிவிடுகின்றன. மூச்சு வாங்குபவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இந்த ஊரில் இல்லை.

இரண்டாம் நாள், நகரின் மேற்குப் பகுதியான பெலேம். 15 எண் டிராம் ஆற்றை ஒட்டிச் சமதரையிலேயே செல்கிறது. அங்குள்ள ஜெரோனிமுஷ் மடம் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். மூன்று நாள் பயணத்தில் அதை மறந்தால் மாற்று நாள் கிடைக்காது. நாங்கள் செவ்வாய்க்கிழமைக்கு நுழைவுச்சீட்டை முன்பதிவு செய்துகொண்டு காலையிலேயே போனோம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கிய இதன் கல்தூண்களில் கயிறும் சிப்பியும் கடற்செடியும் செதுக்கப்பட்டிருக்கின்றன. நுழைந்தவுடன் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. 1498இல் கோழிக்கோட்டை அடைந்தவர், 1524இல் கொச்சியில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டு, பின்னர் போர்ச்சுகலுக்குக் கொண்டுவரப்பட்டவர். அந்தக் கல்லில் கப்பல் பொறித்திருக்கிறது. அவர் வழியைப் பின்பற்றி வந்தவர்கள் மலபார்க் கரையிலும் முத்துக்குளித்துறையிலும் செய்த கொடுமைகளையும் விட்டுச்சென்றவற்றையும் அறிந்து வளர்ந்த ஒருவருக்கு, அதன் முன் தலை குனிவதா நிமிர்ந்து நிற்பதா என்று தெரியாத ஒரு கணம் வரத்தான் செய்கிறது.

அம்மாவை நான் பெலேமுக்கு அழைத்துப் போக விரும்பியதற்கு வேறு காரணம் இருந்தது. தமிழ்ச் சொற்கள் முதன்முதலில் அச்சில் ஏறிய நூல் 1554இல் இந்த லிஸ்பனில்தான் வெளிவந்தது. தமிழ் எழுத்தில் அல்ல. ரோமன் எழுத்தில் தமிழ் ஒலியைப் பெயர்த்து, போர்த்துக்கீசியப் பொருளும் சேர்த்து அச்சிட்ட மறைக்கல்விக் கையேடு அது. தமிழர் மூவர் அதன் ஆக்கத்தில் உழைத்தார்கள். தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் அதற்கு இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 1578இல் கொல்லத்தில் வந்தது. தமிழ் கற்பித்தே வாழ்நாளைக் கழித்த அம்மாவிடம் மடத்து முற்றத்து நிழலில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். எவ்வளவு தூரம் வந்து அச்சு ஏறியிருக்கிறது என்று மட்டும் சொன்னார். பிறகு வெகுநேரம் அந்தத் தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்திலேயே 1837 முதல் நடக்கும் கடையில் முட்டைப்பாலேட்டு அப்பம் சூடாகக் கிடைக்கும். மேலே பட்டைத்தூள் தூவிக்கொள்ள வேண்டும். மடங்களில் துணிக்குக் கஞ்சி போட முட்டையின் வெள்ளைக்கரு செலவாக, மிஞ்சிய மஞ்சள்கருவில் பிறந்த இனிப்புகள் இவை என்று சொல்வது வழக்கம். எங்கள் ஊர் மக்ரூனோ வெள்ளைக்கருவிலும் முந்திரியிலும் செய்வது. அந்த முந்திரியும் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்ததே. உணவகங்களைப் பற்றி ஒரு சொல்: உட்கார்ந்தவுடன் கேட்காமலேயே கொண்டுவந்து வைக்கும் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி ஆகியவற்றைச் சாப்பிட்டால் விலை உண்டு; வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்பிவிடலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை.

புகழ்பெற்ற 28 எண் டிராமில் நடுப்பகலில் ஏற மார்த்திம் மோனிஷ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம். அது என் கணக்கில் வந்த பிழை. மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்பே மறுமுனையான காம்பு து ஓரிக்கியிலிருந்து ஏறியபோது இருவருக்கும் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கூட்ட நேரத்தில் அதில் பணப்பையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். நடைபாதைக் கற்கள் தேய்ந்து வழுவழுப்பாக இருப்பதால், பிடிமானமுள்ள காலணி இல்லாமல் இறக்கத்தில் நடக்க வேண்டாம்.

லிஸ்பனுக்கு அருகே மலைப்பாங்கான ஊரான சிந்த்ராவின் அரண்மனைகளைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். அதற்கு முழுநாள் வேண்டும், ஏற்றமும் அதிகம். முதல் பயணத்தில் அதை வலிந்து சேர்ப்பவர்கள் லிஸ்பனைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் நாளின் பிற்பகலைக் கடலுக்குக் கொடுத்தேன். கடற்கரை நகரத்துக்கு வந்து இரண்டு நாளாக ஆற்றங்கரையில்தானே நிற்கிறோம் என்று அம்மா கேட்டிருந்தார். கைஷ் து சொத்ரே நிலையத்திலிருந்து கஷ்கைஷுக்கு நாற்பது நிமிட ரயில். போகும்போது இடப்பக்கம் உட்கார வேண்டும். ஆறு அகன்று அகன்று, எந்த இடத்தில் கடலாயிற்று என்று சொல்ல முடியாதபடி அட்லாண்டிக்காக மாறுவதை ஜன்னல் வழியே முழுவதும் பார்க்கலாம். கஷ்கைஷில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையிலேயே சிறு மணற்கரைகள் இருக்கின்றன. வெயில் சுடுகிறதே என்று நம்பித் தண்ணீரில் கால் வைத்தவர்களுக்கு எலும்பு வரை குளிரும். கோடையிலும் அந்தக் கடல் இருபது டிகிரியைத் தொடுவது அரிது. அம்மா புடவையைச் சற்றே தூக்கிக்கொண்டு கணுக்கால் அளவு நீரில் நின்றார். மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பு இதில் இல்லை, ஆனால் வாசம் அதேதான் என்றார்.

மறுநாள் காலை அறையைக் காலி செய்தபோது, வீட்டுக்கார அம்மையார் வாசலில் நின்றிருந்தார். பெண்கள் நன்றி சொல்ல 'ஒப்ரிகாதா' என்றும் ஆண்கள் 'ஒப்ரிகாது' என்றும் சொல்ல வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவர் அதைச் சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து கொத்தை எடுத்து நீட்டி, 'சாவி' என்று தமிழிலேயே சொன்னார். அந்த அம்மையார் தலையசைத்து வாங்கிக்கொண்டார்.