புத்தும் காளானும்

அக்டோபர் 6
கிணற்றடியில் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டினார்கள். வேப்பமரத்தை ஒட்டிய கறையான் புற்றின் ஓரம் மண்வெட்டி பட்டுச் சரிந்தது. "புத்தை இடிக்காதீகடா!" என்று அப்பத்தா பின்கட்டிலிருந்து ஓடி வந்தார்கள். செம்மண்ணுக்குள் தேங்காய் அளவு குழி. உள்ளே மடிப்பு மடிப்பாகப் பழுப்புக் கூடு, மடிப்பெல்லாம் ரவை தெளித்தாற்போல வெள்ளை மணிகள். அந்த மணிகள்தான் பூஞ்சை.

அக்டோபர் 7
காலையில் பார்த்தால் பாதிக் குழி அடைபட்டிருக்கிறது. இந்தக் கறையானுக்குச் சருகும் கட்டையும் தனியாகச் செரிக்காது. மென்று விழுங்கி, கழிவாக வெளியேற்றி, அடுக்கி வைக்கிறது. அதில் டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சை வளர்ந்து, மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினை உடைத்துக் கொடுக்கிறது. பக்குவமானதும் கறையான் அந்தக் கூட்டையே தின்னும். பூஞ்சைக்கு ஈரமான வீடு, அந்நியப் பூஞ்சை வந்தால் களையெடுக்க ஆள். சுமார் 3 கோடி ஆண்டாக நடக்கிற வெள்ளாமை இது! நாம் பயிர் வைக்கத் தொடங்கியே 12,000 ஆண்டுதான் இருக்கும்.

அக்டோபர் 9
நல்ல மழை. வளவு முழுக்க ஈசல். விளக்கை அணைத்துவிட்டோம்.

அக்டோபர் 21
இரண்டு நாள் மழைக்குப்பின் புற்றைச் சுற்றிக் காளான். அப்பத்தா மொட்டாக இருப்பதை மட்டும் கிள்ளினார்கள். "விரிஞ்சதை விட்டுருப்பா, பூச்சி விழுந்திருக்கும்." (பார்த்துப் பழகாதவர்கள் காட்டுக்காளானைத் தொடவே வேண்டாம்.) ஒன்றை மட்டும் மெதுவாகத் தோண்டிப் பார்த்தேன். தண்டு ஒரு சாணுக்குமேல் வேர்போல் மெலிந்து இறங்கி, கீழே அந்தப் பழுப்புக் கூட்டில் முடிகிறது. குடையை எவர்சில்வர் தட்டில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 22
தட்டில் வெளிர் ரோஜா நிறத்தில் தூள், சக்கரத்தின் ஆரம் போலக் கோடு கோடாக. இதுதான் பூஞ்சையின் வித்து. பெரும்பாலான இனங்களில் ஈசல் பறந்து போகும்போது பூஞ்சையைக் கூடவே கொண்டு போவதில்லை. இறகு உதிர்த்து, ஜோடியாக மண்ணுக்குள் புகுந்து குஞ்சு பொரித்தபின், முதல் வேலைக்காரக் கறையான்கள் வெளியே வந்து சருகோடு இந்தத் தூளையும் பொறுக்க வேண்டும். அப்பத்தா விட்டுவைக்கிற விரிந்த குடைகளிலிருந்துதான் அது விழுகிறது. அவர்களிடம் சொன்னேன். "அதுக வேலைய அதுக பாக்குதுக" என்றார்கள்.

தட்டை வேப்பமரத்தடிச் சருகின்மேல் தட்டிவிட்டு வந்தேன். குழாயை இரண்டு முழம் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறது.