பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம்

“தம்பி, நீங்கள் வழிகாட்டியா, அரச தரப்புச் சாட்சியா?”

பயண முகவர் கொழும்பிலிருந்து தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது நான் தம்புள்ளை நீதிமன்றத்தின் வெளியே நின்றுகொண்டிருந்தேன். வாயில் பதில் வரவில்லை. அதன்பின் எத்தனையோ பதில்களை எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் நிற்கவில்லை. அவர் கோபத்தில் கேட்டார் என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

நடந்தது சில நிமிடங்களுக்குள் முடிந்த விஷயம். சிகிரியா மலைக்கோட்டையில் பழைய ஓவியங்களைப் பார்த்து இறங்கி, கண்ணாடிபோல் மினுக்கியிருந்ததால் கண்ணாடிச் சுவர் என்று பெயர் பெற்ற பழைய சுவரோரமாகப் போய்க்கொண்டிருந்தோம். என்னோடு வந்தவர்கள் ஐரோப்பாவிலிருந்து வந்த புதுமணத் தம்பதிகள். நான் சற்று முன்னால் போனேன். ஏதோ சுரண்டும் சத்தம் கேட்டுத் திரும்பினால், கணவரின் கையிலிருந்த விடுதி அறைச் சாவி சுவரில் இருந்தது. “வேண்டாம்!” என்று கத்தினேன். கையை எடுத்துவிட்டார். அதற்குள் இரண்டு எழுத்துகள் விழுந்துவிட்டன. ஒன்று அவருடைய பெயரின் முதலெழுத்து, மற்றது மனைவியுடையது.

அந்தச் சுவரின் பூச்சு தேன் நிறத்தில் இருக்கும். பழைய கீறல்களும் பூச்சோடு பூச்சாக அதே நிறத்துக்கு வந்துவிட்டன. வெயில் சாய்வாக விழுந்தால்தான் எழுத்து என்றே தெரியும். புதுக் கீறல் வெளேரென்று கண்ணில் குத்தியது. அதன் கீழே ஒரு சிட்டிகை சுண்ணாம்புத் தூள்.

என் குரல் கேட்டுத்தான் காவலர் வந்தார். எங்களுக்குப் பின்னால் பாடசாலைப் பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். யார் வேண்டுமானாலும் கீறியிருக்கலாம் என்ற நிலை. அவர் குனிந்து எழுத்தைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு என் கழுத்தில் தொங்கிய அனுமதி அட்டையைப் பார்த்தார்.

“மல்லி, இவர்தானா?” என்று சிங்களத்தில் கேட்டார். மல்லி என்றால் தம்பி.

கணவர் என் காதருகே வந்து, “ஏற்கெனவே இருந்தது என்று சொல்லுங்கள்” என்றார். மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆம், இவர்தான்” என்றேன்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? ஏற்கெனவே இருந்தது என்று சொல்வது அப்பட்டமான பொய். அதை நான் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் “நான் பார்க்கவில்லை” என்று ஒரு பதில் இருக்கிறது. எங்கள் தொழிலில் அதைச் சொல்லாதவர் எவரும் இல்லை. காவலர் முறைத்திருப்பார், நாலு வார்த்தை ஏசியிருப்பார், கூட்டம் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். சாவியைப் பார்த்த பிறகு அதுவும் பொய்தான். என்றாலும் அதை யாரும் பொய்யென்று எண்ணுவதில்லை.

வழிகாட்டியின் வேலையில் பாதி, விருந்தினரைச் சட்டத்திலிருந்து தள்ளி நிறுத்துவதுதான். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படமெடுக்க நிற்பவரைத் தோளைத் தொட்டுத் திருப்பிவிடுவோம். தோள் தெரியும் உடுப்புக்கு மேலே போர்த்திக்கொள்ள வாகனத்தில் சால்வை வைத்திருப்போம். கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியவர் வந்தால், விமான நிலையத்திலேயே நீளக் கைச்சட்டை போடச் சொல்வோம். இவையெல்லாம் சும்மா வந்த பயம் இல்லை. 2012இல் புத்தர் சிலைக்கு முத்தம் கொடுப்பதுபோல் படமெடுத்த மூன்று பிரெஞ்சுப் பயணிகளுக்குக் காலி நகர நீதிமன்றம் ஆறு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. படங்களை அச்சிடக் கொடுத்த கடையிலிருந்துதான் பொலிஸுக்குத் தகவல் போனது. 2014இல் கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த ஒரு பிரித்தானியப் பெண்ணைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைது செய்து நாடு கடத்தினார்கள். அவர் வழக்குப் போட்டார். 2017இல் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதாகச் சொல்லி எட்டு இலட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. சட்டம் சில வேளை மிஞ்சியும் போகும் என்பதற்கு அது சான்று. அந்த மிஞ்சலுக்கும் விருந்தினருக்கும் நடுவே நிற்கத்தான் எனக்குச் சம்பளம். அன்று நான் அந்த இடத்திலிருந்து விலகி நின்றேன். முகவரின் கேள்விக்குப் பொருள் அதுதான்.

ஆனால் பச்சை குத்தியவரும் சுவரைக் கீறியவரும் ஒன்றல்ல. இதில் எனக்கு இன்றுவரை தடுமாற்றம் இல்லை. ஒருவர் தம் உடம்பில் எழுதினார், மற்றவர் நம் சுவரில் எழுதினார். சிகிரியாவைக் கட்டிய காசியப்ப மன்னன் காலத்துச் சுவர் அது, ஐந்தாம் நூற்றாண்டு. செங்கல்லின் மேல் சுண்ணாம்புப் பூச்சை இழைத்து இழைத்து மினுக்கியிருக்கிறார்கள். அதில் கீறினால் கீறியதுதான். மேலே பூசி மறைக்கப் போனால் அடியிலிருக்கும் பழைய எழுத்தும் சேர்ந்து மறைந்துவிடும். 1967இல் யாரோ இரவோடிரவாக ஓவியங்கள்மேல் பச்சைச் சாயத்தை வீசிவிட்டுப் போனார்கள். அதைத் துடைத்தெடுக்க வெளிநாட்டு நிபுணர் வர வேண்டியிருந்தது. அந்த மலையில் வேலை பார்ப்பவர்களுக்கு அது இன்னும் ஆறாத புண். காவலரின் முகத்தில் அன்று நான் அதைக் கண்டேன்.

பொலிஸ் நிலையத்தில் காத்திருந்தபோது கணவர் கேட்டார்: “இது உலகத்தின் மிகப் பழைய விருந்தினர் பதிவேடு என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?”

சொன்னேன். அந்த இடத்துக்கு வரும் ஒவ்வொருவரிடமும் சொல்வேன். எட்டாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டு வரை மலை ஏறிவந்தவர்கள், ஓவியத்துப் பெண்களைப் பார்த்துவிட்டு இறங்கும்போது சுவரில் பாட்டு எழுதினார்கள். துறவிகள், படைவீரர்கள், அதிகாரிகள், பெண்களும்கூட. எழுதியவரின் பெயரையும் பல பாடல்களில் காணலாம். தொல்லியலாளர் பரணவிதான அவற்றில் 685 பாடல்களைப் படித்து 1956இல் வெளியிட்டார். இதைச் சொல்லும்போது விருந்தினரின் கண்கள் விரியும். தமக்கும் அந்தப் பழைய பயணிக்கும் நடுவே தூரம் குறைந்துவிட்டதுபோல அவர்களுக்குத் தோன்றும். தோன்ற வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன்.

“அவர்களும் சுற்றுலாப் பயணிகள்தானே? அவர்கள் எழுதினால் வரலாறு, நான் எழுதினால் குற்றமா?” என்றார்.

குறும்புக்காகக் கேட்கவில்லை. பயந்துபோன மனிதர் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “அவர்கள் பாட்டு எழுதினார்கள்” என்றேன். அந்தப் பதிலில் இன்றும் எனக்கு நிறைவில்லை. நல்ல பாட்டாக இருந்தால் விட்டுவிடுவார்களா என்ன? சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குக் கீறல் கீறல்தான். 2023இல் ரோமின் கொலோசியத்தில் ஒருவர் சாவியால் பெயர் கீறும் காணொளி உலகமெங்கும் ஓடியதே, அவர் பின்னால் எழுதிய மன்னிப்புக் கடிதத்தில் அந்தக் கட்டடம் அவ்வளவு பழையதென்று தெரியாது என்றிருந்தாராம். என் விருந்தினருக்கு அப்படிச் சொல்லவும் வழியில்லை. வயதை அவருக்குச் சொன்னவனே நான். வாக்குமூலம் கொடுக்கும்போது, பழைய பாடல்களைப் பற்றி நான் சொன்னதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அது அவருக்கு உதவும் என்று நினைத்தேன். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி தலையை நிமிர்த்தாமலே, அது தேவையில்லை என்றார்.

மனைவி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “நீங்கள் எங்கள் பக்கம் இல்லையா?”

நான் அவர்களோடுதான் இருந்தேன். சட்டத்தரணியைப் பிடித்துக் கொடுத்தேன். கணவரை விளக்கமறியலுக்கு அனுப்பியபோது சாப்பாடும் மாற்றுத் துணியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். விடுதிக்காரரிடம் பேசி, மனைவி தங்கியிருக்க ஏற்பாடு செய்தேன். மன்றத்தில் கணவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லையும் அவருக்குப் புரியவைத்தேன். பக்கம் என்பது இதில்லையென்றால் வேறெது? இப்படிக் கேட்டுக்கொள்ளும்போது மனம் கொஞ்சம் ஆறும். ஆனால் அந்த மனைவி கேட்டது சாப்பாட்டைப் பற்றி இல்லை. என் முழங்கையை அவர் பிடித்திருந்த அந்தக் கணத்தைப் பற்றித்தான் கேட்டார்.

எங்கள் வாகனச் சாரதி நல்ல மனிதர், சிங்களவர். ஊர் திரும்பும் வழியில் வெகுநேரம் பேசாமல் ஓட்டினார். பிறகு, “ஐயா, நான் என்றால் பார்க்கவில்லை என்றிருப்பேன். பாவம், கலியாணம் முடித்து வந்த பிள்ளைகள்” என்றார். அவருடைய மதத்தவரின் புனித பூமி, அவருடைய முன்னோரின் எழுத்து. அவரே விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்த இடத்தில் நான் ஏன் அவ்வளவு இறுக்கமாக நின்றேன்?

இதற்கான பதிலை முகவரிடம் சொல்லவில்லை, அந்தப் பெண்ணிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் அவர்களுக்கு விளங்கியிராது.

2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிழக்கு மாகாணத்திலிருந்து சிகிரியாவுக்குச் சுற்றுலா வந்த ஒரு தமிழ்ப் பெண் இதே சுவரில் தன் பெயரைக் கீறினார். தம்புள்ளை நீதவான் அவருக்கு இரண்டு வருடச் சிறைத்தண்டனை விதித்தார். ஏழைக் குடும்பத்துப் பெண். பத்திரிகைகள் எழுதின, பலர் குரல் கொடுத்தார்கள். கடைசியில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மன்னிப்பு வழங்கிய பிறகே விடுதலையானார். அதற்குள் வாரக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டார். நானும் கிழக்கு மாகாணத்தவன்தான். அந்த நாட்களில் விருந்தினரைக் கூட்டிக்கொண்டு அந்தச் சுவரைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் வயிறு பிசையும். அந்தப் பிள்ளையோடு ஒரு வழிகாட்டி வந்திருந்தால் கையைப் பிடித்திருப்பார். காவலர் கேட்டால், பார்க்கவில்லை என்றிருப்பார். அவருக்கு அப்படி யாரும் இருக்கவில்லை. வழிகாட்டி வைத்துக்கொள்ளும் வசதி எங்கள் சனங்களுக்கு ஏது?

காவலர் “இவர்தானா?” என்று கேட்டபோது என் மனத்தில் அந்தப் பெண் இருந்தார். பிற்பாடு கூட்டிச் சொல்வதில்லை இது, அப்போதே இருந்தார். அவளுக்கு இரண்டு வருடம், உனக்கு ஒன்றுமில்லையா என்ற எண்ணம் நெஞ்சில் நின்றது. அந்த எண்ணம் வாய்வழியே “ஆம்” என்று வந்ததா, அல்லது உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே சொன்னேனா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரே சொல்லுக்குள் இரண்டும் இருந்திருக்கலாம்.

சக வழிகாட்டிகளில் சிலர், நான் செய்தது சரி என்கிறார்கள். வெளிநாட்டவர் என்றால் எல்லாரும் கண்டும் காணாமல் விடுவதால்தான் சுவர் இந்தக் கதியில் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. இப்போது நான் கண்ணாடிச் சுவருக்கு ஏறும் முன்பே, கீழே நிற்கும்போதே சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சாவி, பேனா எல்லாம் பைக்குள்ளே போகட்டும் என்று நின்று பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறேன். பழைய பாடல்களைப் பற்றிச் சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை. அதைச் சொல்லாவிட்டால் அது வெறும் சுவர்.

ஆனால் அதே நண்பர்களிடம், ஒரு மட்டக்களப்புப் பாடசாலைப் பையன் கீறியிருந்தால் காட்டிக்கொடுத்திருப்பீர்களா என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. நான் என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். மாட்டேன். காதைத் திருகி, நாலு வார்த்தை ஏசிக் கூட்டிப்போயிருப்பேன். அப்படியானால் உண்மை பேசுபவன் என்று நான் என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆளைப் பார்த்து வரும் உண்மைக்கு என்ன மதிப்பு?

வழக்கு விரைவாக முடிந்தது. கணவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதவான் கடுமையாக எச்சரித்து, அபராதம் விதித்து விடுவித்தார். முதல் குற்றம், மனம் வருந்துகிறார், சேதம் சிறியது என்று காரணங்கள் சொல்லப்பட்டன. எல்லாம் சரியான காரணங்கள். இப்படிப்பட்ட குற்றத்துக்கு இப்படித்தான் தண்டனை இருக்க வேண்டும் என்று 2015இல் நானே பலரிடம் வாதாடியிருக்கிறேன். நீதவான் சொன்னதை அவருக்குப் புரியும்படி சொன்னேன். அவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அழுதார். எனக்கோ கோபம் வந்தது. தொண்டை அடைக்கும் அளவுக்குக் கோபம்.

அவர் சிறைக்குப் போயிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. இதை எவர் முன்னாலும் சொல்வேன். அவருக்குக் கிடைத்தது நியாயம். அந்தப் பெண்ணுக்கும் அன்றைக்கே இந்த நியாயம் கிடைத்து, அபராதத்தைக் கட்டிவிட்டு மாலையே தன் கூட்டத்தாரோடு ஊர் திரும்பியிருந்தால், நான் சுவரருகே காவலரிடம் என்ன சொல்லியிருப்பேன் என்பதைத்தான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பெரும்பாலும், பார்க்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.